மாப்பிள்ளை போட்ட அலாய் வீல்

போன சனிக்கிழமை காலை சுசீந்திரத்தில் அக்கா வீட்டுக்குப் போனபோது, முற்றத்தில் நின்ற காரின் முன் சக்கரத்துக்கு அருகே அத்தான் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு உள்ளே உற்று உற்றுப் பார்க்கிறார். அப்படி என்னதான் இருக்கிறது அதற்குள்?

கார் அவருடையது அல்ல, மருமகனுடையது. அதாவது, போன மாதம் மகள் சுபியின் கல்யாணத்தில் அத்தான் மருமகனுக்குக் கொடுத்தது. எங்கள் மாவட்டத்தில் இதற்கு ‘அன்பளிப்பு’ என்று பெயர். வேறு பெயர் சொன்னால் அத்தானுக்குப் பிடிக்காது. எனக்கும் இந்த வயதில் அவரோடு மல்லுக்கட்டத் தெம்பில்லை.

மாப்பிள்ளைக்குத் திருவனந்தபுரத்தில் வேலை. தங்கமான பையன். ஆனால் வண்டி கைக்கு வந்த மறுநாளே கம்பெனி சக்கரங்களைக் கழற்றிப் போட்டுவிட்டு, பளபளவென்று அலாய் வீல் மாட்டிவிட்டார். இங்கே சுபியோடு விருந்துக்கு வந்த இடத்தில் சொந்தக்காரர்கள் எல்லாரும் முதலில் சக்கரத்தைத்தான் பார்த்தார்கள், பிறகுதான் பெண்ணை.

“முறுக்கு நிக்கல மக்கா” என்றார் அத்தான் மெதுவாக.

விஷயம் இதுதான். முந்தின நாள் சாயங்காலம் அந்தக் காரை எடுத்துக்கொண்டு கோட்டாறு வரை போயிருக்கிறார். வேகம் பிடித்ததும் ஸ்டீயரிங் கையில் துடித்திருக்கிறது. காலையில் ஸ்பேனரை வைத்துப் பார்த்தால், இறுக்கமாக இருக்க வேண்டிய சக்கரத்துப் போல்ட் லேசாகத் திரும்புகிறது. மதியச் சாப்பாடு முடிந்ததும் இதே வண்டியில், களியக்காவிளை வழியாக, மகளும் மருமகனும் கிளம்பப் போகிறார்கள்.

சரி, மாப்பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டியதுதானே?

அங்கேதான் வம்பு. புது மாப்பிள்ளை ஆசைப்பட்டுச் செய்ததில் மாமனார் குற்றம் கண்டுபிடிக்கலாமா? அதுவும் விருந்துக்கு வந்த இடத்தில்? “நீ சொல்லு. தாய்மாமன் சொன்னா வருத்தம் வராது” என்று என்னைத் தள்ளிவிட்டார். நானும் போனேன். மாப்பிள்ளை இடியாப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வண்டியெல்லாம் எப்படி, சௌகரியம்தானா என்று விசாரித்தேன். ரொம்ப சௌகரியம் என்றார். நல்லது என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். எழுத்தாளனுக்கு வாய் கொஞ்சம் கம்மி!

மாப்பிள்ளையும் சுபியும் தாணுமாலயன் கோயிலுக்குக் கிளம்பிப் போன நேரம் பார்த்து, அத்தான் ஒரு போல்ட்டைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டார். என் ஸ்கூட்டரில் நாகர்கோவிலுக்குப் போனோம். கார் சாமான் கடைக்காரர் போல்ட்டை வாங்கிப் பார்த்ததுமே, கம்பெனி போல்ட்டா, வெளி வீலா என்று கேட்டார்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. உங்களுக்குத் தெரியுமோ என்னவோ… சில கார்களில் நட்டு கிடையாது, நீளமான போல்ட்டைத்தான் நேரே முறுக்குவார்கள். அந்தப் போல்ட்டின் தலைக்கு அடியில், சக்கரத்தோடு ஒட்டி உட்காரும் பகுதிக்கு ‘சீட்’ என்று பெயர். இந்தக் காரின் கம்பெனி போல்ட்டுக்கு அது உருண்டையாக இருக்கும். கம்பெனி சக்கரத்தின் ஓட்டையும் கிண்ணம் மாதிரி குழிந்திருக்கும். மாப்பிள்ளை வாங்கிய அலாயில் ஓட்டை சரிவாக, புனல் மாதிரி இருந்தது. புனலுக்குள் கோலிக்குண்டைப் போட்டால் என்ன ஆகும்? சுற்றிலும் நூல் அளவுக்குத்தான் தொடும். முறுக்கும்போது இறுகிய மாதிரிதான் இருக்கும், ஓட ஓட விட்டுவிடும்.

போல்ட்டின் மரை ஒன்றாக இருந்தால் மட்டும் போதாதாம். நீளமும் சரியாக வேண்டும். நீளம் கூடினால் உள்ளே போய் இடிக்கும், குறைந்தால் பிடிமானம் இருக்காது. அலாயின் தடிமனை அத்தானிடம் கேட்டு, கூம்பு சீட் போல்ட்டாக நாலு சக்கரத்துக்கும் எடுத்துக் கொடுத்தார். ஸ்டெப்னி கம்பெனி சக்கரம்தான், அதற்குப் பழைய போல்ட்தான் சேரும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்றும் சொன்னார்.

அத்தானின் திட்டம் எளிமையானது. மாப்பிள்ளை பிரதமன் பாயசத்தில் பப்படத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டிருக்கும்போது, சத்தமில்லாமல் போல்ட்டுகளை மாற்றிவிடுவது. மாப்பிள்ளைக்குத் தெரியவே வேண்டாம். மரியாதையும் பிழைக்கும், மகளும் பிழைப்பாள்.

இரண்டாவது சக்கரத்தில் மாட்டிக்கொண்டார்.

கை கழுவிவிட்டு, காரிலிருந்து எதையோ எடுக்க மாப்பிள்ளை வெளியே வந்தார். மாமனார் தரையில் உட்கார்ந்திருக்கிறார். கையில் ஸ்பேனர், பக்கத்தில் விரித்த பேப்பரில் புது போல்ட்டுகள். அத்தான் எழுந்து, காற்று இருக்கிறதா என்று பார்த்ததாகச் சொன்னார். ஸ்பேனரை வைத்துக் காற்றுப் பார்க்கிற ஆளை நான் அன்றுதான் பார்த்தேன்.

மாப்பிள்ளை குனிந்து ஒரு புது போல்ட்டைக் கையில் எடுத்தார். முகம் போன போக்கைப் பார்த்து, கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுவாரோ என்று நினைத்தேன்.

“எண்பதுல போனா ஸ்டீயரிங் ஆடுதே… அதுக்கா மாமா?”

அத்தானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும் மாமா. வண்டியே இப்படித்தானோன்னு நெனச்சேன். நீங்க தந்த வண்டில்லா… அதப் போயி எப்பிடிக் குற சொல்லன்னு விட்டுட்டேன்.”

அத்தான் துண்டால் முகத்தைத் துடைத்தார். மகள் பிழைத்தாள் என்ற நிம்மதியா, வெட்கமா, எதுவென்று சொல்லத் தெரியவில்லை. இரண்டு பேரும் மாற்றி மாற்றி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, வாசற்படியில் சுபி வந்து நிற்கும்வரை.

“ரெண்டு பேரும் நல்லா மரியாத பாத்திய” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “அந்த வண்டில பக்கத்துல உக்காந்து வந்தது ஆரு?”

நான் ஸ்கூட்டர் சாவியைத் தேடினேன், அது என் கையிலேயே இருந்தது.

பிறகு மாமனாரும் மருமகனும் சேர்ந்து உட்கார்ந்து மீதிச் சக்கரங்களை முடித்தார்கள். எதிரெதிர் போல்ட்டாக, நட்சத்திரம் போடுகிற வரிசையில் முறுக்க வேண்டுமாம். கொஞ்ச தூரம் ஓடியதும் இன்னொரு தடவை இறுக்கிப் பார்க்கச் சொல்லியிருந்தார் கடைக்காரர். சாயங்காலம் களியக்காவிளையிலிருந்து அத்தானுக்கு போன் வந்தது. வண்டியை நிறுத்தி எல்லாம் பார்த்தாயிற்று, ஆட்டம் இல்லை என்று சொன்னவள் சுபி. முறுக்கிப் பார்த்தவளும் அவள்தான்.

மாப்பிள்ளை மரியாதை நல்ல வழக்கம்தான்… வண்டி முற்றத்தில் சும்மா நிற்கிறவரைக்கும்.