வெர்னா டீச்சரின் ஆரிகான் நடை

நெப்ராஸ்காவில் பிளாட் ஆற்றுக்கு வடக்கே இருந்த எங்கள் ஊர்ப் பள்ளியில் பத்தொன்பது வருஷம் நான் அலுவலகத்தில் இருந்தேன். என் ஜன்னலுக்கு நேரே மைதானம். அதனால் வெர்னா டன்லவி இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஆரிகானுக்கு நடத்திப் போனதை வருஷாவருஷம் பார்த்தவள் நான்தான். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரக் குடும்பங்கள் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு மேற்கே ஆரிகானில் குடியேறப் போன பயணத்தை, பள்ளி மைதானத்திலேயே விளையாட்டாக நடத்துவாள்.

மே மாதம் பிறந்ததும் சுண்ணக்கட்டியால் தரையில் கூண்டு வண்டிகள் வரைவாள். வண்டிக்கு நான்கு பிள்ளைகள். மைதானத்தை ஒரு சுற்று வந்தால் இருபது மைல். நூறு சுற்றில் ஆரிகான். போகிற வழியில் அவள் தொப்பியிலிருந்து ஒரு சீட்டு எடுக்க வேண்டும். எருது செத்துவிட்டது, மாவு நனைந்துவிட்டது, ஆற்றில் வெள்ளம் என்று எதுவும் வரும். வெள்ளம் வந்தால் நீலப் படுக்கை விரிப்பை இரண்டு பேர் ஆட்ட, மற்றவர்கள் பூட்ஸைத் தலையில் வைத்துக்கொண்டு கடப்பார்கள். வருஷத் தேதி எதையும் மனப்பாடம் செய்யாத பிள்ளைகள், எந்தக் கணவாயில் எப்போது பனி விழும் என்று சாப்பாட்டு மேஜையில் சண்டை போட்டார்கள்.

அவள் கணவர் ரஸல் நெஞ்சு வலியில் போனது அவளுடைய நாற்பத்தாறாவது வயதில். பிள்ளைகள் இல்லை. ஊரிலிருந்து ஏழு மைல் தள்ளி, சோள வயல்களுக்கு நடுவே வீடு. பேச்சுத் துணைக்கு வானொலி. ஏப்ரல் முழுக்க அந்த வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து சீட்டு எழுதுவாள். பிறகு சின்னத் தள்ளுவண்டி ஒன்றை இழுத்துக்கொண்டு வேலியோரமாகத் தனியாக நடந்து, பிள்ளைகளின் கால் எத்தனை சுற்று தாங்கும் என்று பார்ப்பாள். தீவனக் கடை வைத்திருந்த எல்மர், அவள் உள்ளே நுழையும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"ஏம்மா வெர்னா, ஆரிகான் போய்ச் சேந்துட்டியா, இல்ல இன்னும் எங்க சோளக்காட்டுலயே சுத்திக்கிட்டு இருக்கியா?"

"உன் கடையைத் தாண்டத்தான் ரெண்டு நாளாச்சு. எருது மிரளுது," என்பாள்.

அந்தக் கேலிக்காகவே அவள் சனிக்கிழமைகளில் தேவையில்லாத சாமான் வாங்கப் போனாள் என்று எனக்குத் தெரியும்.

அவளுடைய ஐம்பத்தெட்டாவது வயதில் லீட்டா ஹவெல் வந்து சேர்ந்தாள். பானி என்ற அமெரிக்கப் பழங்குடி இனத்துப் பெண்; வெள்ளைக்காரர்கள் அவர்களை இந்தியர்கள் என்பார்கள். அப்பா கர்ட்டிஸுக்கு ரயில் பாதை பராமரிப்பில் வேலை. ஓக்லஹோமாவிலிருந்து மாற்றலாகி வந்தவர். நடையின் இரண்டாம் நாள் லீட்டா எடுத்த சீட்டில், 'இந்தியர்களிடம் சோளம் வாங்கு' என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு அவள் வண்டிக் கோட்டைவிட்டு வெளியே வந்து நின்றாள்.

"டீச்சர், சோளம் விக்கிறது நாங்கதானே? அப்ப எங்க வீடு எங்க இருக்கு? நீங்க வரையவே இல்லையே."

வெர்னா பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டாள். அன்று சாயங்காலமே கர்ட்டிஸ் வீட்டுக்குப் போனாள். அவர் அடுப்பில் உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்தாராம். கோபமாக எதுவும் பேசவில்லை. இந்த ஆற்றங்கரை பானிகளுடையதாக இருந்ததையும், அவர்கள் தெற்கே ஓக்லஹோமாவுக்குப் போக வேண்டி வந்ததையும், போய்ச் சேர்ந்த சில வருஷங்களிலேயே நோயிலும் பசியிலும் கூட்டம் கூட்டமாகச் செத்ததையும் வேலையை நிறுத்தாமலே சொன்னார். வெர்னா கிளம்பும்போதுதான் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க வெளையாட்ட நிறுத்த வேணாம் டீச்சர். என் பொண்ணு ராத்திரி எல்லாம் அதப் பத்திதான் பேசுறா. ஆனா அவ சும்மா சோளம் வித்துட்டுப் போற ஆளா மட்டும் நிக்க வேணாம்."

அடுத்த வாரம் மைதானம் மாறியது. வண்டி வரைவதற்கு முன்னால் பாதிப் பேர் இடுப்பில் சுற்றி ஆடும் வளையங்களை வைத்து, பானிகளின் மண்மூடிய வட்ட வீடுகள் மாதிரி கட்டினார்கள், வாசல் கிழக்கே. நடுவில் நிஜச் சோள விதையால் வயல். பிறகுதான் வண்டிகள் வந்தன. வயலைச் சுற்றிப் போனால் நேரமாகும், குறுக்கே போனால் சோளம் மிதிபடும். ஒரு வண்டி குறுக்கே போனது. மறுநாள் இடம் மாறி, மிதித்தவர்கள் அந்த வட்ட வீடுகளில் உட்கார்ந்தார்கள். அப்படி ஒரு கூச்சலும் வழக்காடலும் அந்த மைதானம் கேட்டதில்லை. லீட்டாதான் எல்லாரையும்விட உரக்கக் கத்தினாள்.

மூன்றாம் நாள் தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. எடுத்தது நான். நம் நிலம் யாருடையது என்று பையன் சாப்பாட்டு மேஜையில் கேட்கிறான், இதையெல்லாம் ஏழு வயசுக்குள் ஏன் திணிக்கிறீர்கள் என்றார்கள் பெற்றோர்கள். மேலதிகாரி வெர்னாவைக் கூப்பிட்டு, பழைய மாதிரியே நடத்துங்கள், இல்லாவிட்டால் வேண்டாம் என்றார். பழைய மாதிரி தன்னால் இனி முடியாது என்று அவள் சொல்லிவிட்டாள். ஆரிகானுக்கு இன்னும் அறுபது சுற்று இருந்தது. பிள்ளைகள் வகுப்புக்குள் உட்கார்ந்து வரைபடத்துக்கு வண்ணம் அடித்தார்கள்.

அவள் விடவில்லை. சந்தைத் திடலைக் கேட்டு வாங்கி, விருப்பமுள்ளவர்கள் சனிக்கிழமை வரலாம் என்று எழுதி ஒட்டினாள். முதல் வாரம் மூன்று பேர். அடுத்த வாரம் லீட்டா மட்டும். இரண்டு பேருமாக வீடும் கட்டி வண்டியும் ஓட்டினார்கள். ஊரில் யாரும் அவளைத் திட்டவில்லை. எல்மர் அவள் கேட்ட சாமானைக் கட்டிக் கொடுத்து, நன்றி சொல்லி, அடுத்த ஆளைப் பார்த்தார், கேலி நின்றுபோனது. அதை என்னிடம் சொன்ன அன்றுதான் அவள் கண் கலங்கிப் பார்த்தேன்.

அந்தக் கோடையிலேயே கர்ட்டிஸுக்கு மறுபடி ஓக்லஹோமாவுக்கே மாற்றல் வந்தது. வெர்னா இன்னும் நான்கு வருஷம் வரைபடமும் வண்ணமுமாகப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றாள். ஓய்வு பெற்ற ஜூனில், கர்ட்டிஸுக்குக் கடிதம் எழுதிவிட்டு, காரில் தனியாகத் தெற்கே கிளம்பினாள். ஒரே நாளில் போய்ச் சேரக்கூடிய தூரத்தை, பானிகள் தெற்கே போன வழியை ஒட்டி, வேண்டுமென்றே சின்னச் சாலைகளில் மூன்று நாள் ஓட்டினாள்.

திரும்பி வந்ததும் போய்ப் பார்த்தேன். நன்றாகக் கவனித்துக்கொண்டார்கள், பொரித்த ரொட்டியும் மாட்டிறைச்சிக் குழம்பும் போட்டார்கள் என்றாள். லீட்டாவுக்குப் பதினோரு வயது, கூடைப்பந்து ஆடுகிறாளாம்.

"உன்னைப் பாத்ததும் என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"அவளுக்கு ஞாபகம் இல்லடி. நெப்ராஸ்காவுல ஒரு டீச்சர் இருந்தாங்கன்னு தெரியுது. மைதானம், வளையம், சோளம், ஒண்ணும் ஞாபகம் இல்ல. பாவம், சிரிச்சுக்கிட்டே சமாளிச்சா. ஏழு வயசுப் பிள்ளை. மறக்கத்தானே செய்யும்."

காப்பி போட எழுந்தாள். சமையலறை மேஜையில் அவள் தங்கிய ஊர்களின் பெயர்களைப் பென்சிலால் குறித்த சாலை வரைபடம் விரித்தபடியே கிடந்தது. எனக்குக் கோப்பை வைக்க அதன் ஒரு மூலையை மட்டும் மடித்துக்கொண்டாள்.