டீசல் வண்டிக்கு ஐசி எதற்கு

மனைவியின் கண்புரை அறுவைக்கு இரண்டாவது முறையாக நாள் குறித்திருந்தார்கள். முதல் முறை இரத்த அழுத்தம் எகிறியதால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இம்முறையும் எகிறினால் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். வலது கண்ணோ ஏற்கெனவே வெளிச்சத்தை மட்டும்தான் காட்டிக்கொண்டிருந்தது. அதனால் ஆயர் ஈத்தாமில் வீட்டைப் பூட்டும்போதே, அவளைப் பதற வைக்கக் கூடாது என்று எனக்கு நானே உத்தரவு போட்டுக்கொண்டேன். அரசாங்க அலுவலகத்தில் உத்தரவு எழுதியே ஓய்வு பெற்றவன் நான். கடைப்பிடிப்பது மற்றவர்கள் வேலையாக இருந்தது.

வண்டி என்னுடைய டீசல் பிக்கப். வாங்கும்போது, பெட்ரோல் வண்டிதான் சத்தம் போடாது என்றாள் மனைவி. டீசல் காற்றை அதிகம் அழுத்தி எரிப்பதால் அதே அளவு எண்ணெயில் கூடுதல் தூரம் போகும், மேட்டில் திணறாமல் இழுக்கும் என்று விளக்கினேன். பெட்ரோல் இஞ்சின் வேகமாகச் சுழன்று சிட்டாகப் பறக்கும், உண்மைதான். ஓய்வூதியக்காரன் பறந்து போய்ச் சேரவேண்டிய இடம் எதுவும் இல்லையே.

அன்று எண்ணெய் முள் அடியில் கிடந்தது. எண்ணெய் நிலையத்தில் நிறுத்தியதும், துணைக்கு வந்திருந்த மனைவியின் தம்பி பின் இருக்கையிலிருந்து குதித்தான்.

“மாமா, நீங்க அக்கா பக்கத்துல இருங்க லா. நான் எண்ணெய் போட்டுட்டு வரேன். ஐசி குடுங்க.”

அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தேன். மனைவியின் கை சில்லிட்டிருந்தது, அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தீவிலிருந்து அக்கரை மருத்துவமனைக்குப் போகும் கடற்பாலத்துக்குத் திரும்பும் சாலையில் அவன் அட்டையைத் திருப்பி நீட்டினான். “ஐசி போட்டாதான் சலுகை விலையாம் மாமா.”

அப்போதுதான் உறைத்தது. அரசாங்கச் சலுகை விலைக்காக இயந்திரத்தில் அட்டையைப் போட்டு வாங்குவது பெட்ரோல். என் டீசலுக்கு யாரும் அட்டை கேட்டதில்லை.

“என்ன எண்ணெய்டா போட்டே?”

“எண்ணெய்தான் மாமா. மஞ்சப் பிடி. என் காருக்குப் போடுறதுதான்.”

எங்கள் ஊரில் எல்லாமே எண்ணெய். மலாயில் மின்யாக், தமிழில் எண்ணெய். எந்த எண்ணெய் என்று கேட்டால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள். டீசல் பம்பின் கறுப்புப் பிடியில் குழாய் முனை தடிமன், பெட்ரோல் காரில் நுழையாது. பெட்ரோலின் மஞ்சள் பிடியில் முனை ஒல்லி, டீசல் வண்டியில் சுகமாக நுழையும். தடுப்பை ஒரு பக்கத்துக்கு மட்டும் வைத்திருக்கிறார்கள்.

குழாயில் மிஞ்சியிருந்த டீசலில்தான் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. எந்த நொடியிலும் தீரலாம். பாலத்தின் நடுவில், கடலுக்கு மேல், பின்னால் லாரி வரும்போது தீரலாம். ஓரத்தில் ஒதுக்கி இஞ்சினை அணைத்தேன்.

“ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு? ஏன் நிறுத்துனீங்க?” என்றாள் மனைவி.

அங்கேதான் உத்தரவை மீறினேன். டீசல் இஞ்சினில் தீப்பொறி கிடையாது, அழுத்தத்தின் சூட்டிலேயே பற்றும், பெட்ரோல் அப்படி ஒழுங்காகப் பற்றாது என்றேன். டீசல்தான் பம்புக்கு வழவழப்பும் தருகிறது, பெட்ரோல் அதைக் கழுவிவிடும், இரும்பும் இரும்பும் உரசித் தூள் கிளம்பும் என்றேன். “அப்புறம் மொத்த இஞ்சினும் போயிடும்” என்று முடித்தபோது அவள் கண்ணை மூடியிருந்தாள்.

“அக்காவுக்கு பிரஷர் ஏறுது மாமா, கிளாஸ் எடுக்காதீங்க லா!”

“ஏத்துனதே நீதான்டா. அதுவும் மஞ்சப் பிடியிலே,” என்றாள் அவள்.

இழுவை வண்டிக்குக் காத்திருக்க அவனை அங்கேயே விட்டுவிட்டு, கைப்பேசியில் ஒரு வாடகைக் காரை அழைத்து நாங்கள் பாலம் கடந்தோம். குட்டி பெட்ரோல் கார். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

மருத்துவமனையில் அழுத்தம் பார்த்த தாதி உதட்டைப் பிதுக்கினார். “கொஞ்சம் உக்காருங்க ஆண்ட்டி. மறுபடி பாக்கலாம். குறையலன்னா வேற நாள்தான்.”

என் சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. மச்சான்தான். எடுக்காமல் அணைத்தேன்.

“இஞ்சின் போச்சாமா?” என்றாள்.

“தெரியாது.”

“உங்களுக்குத் தெரியாததும் இருக்கா?” என்று சிரித்தாள். எனக்கு என் உத்தரவு நினைவுக்கு வந்தது. சொல்வதற்கு நிறைய இருந்தது. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தேன். அவள் மூச்சு மெல்லச் சீரானது.

தாதி திரும்பவும் பட்டையைச் சுற்றினார். எண்ணைப் பார்த்தார். “வாங்க ஆண்ட்டி,” என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.