கண்ணாடிக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு தெரு

கேட்டின் கொண்டியை இரண்டு தடவை தட்டிவிட்டு, புவனேஸ்வரி வாசலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொள்வாள். எதிர்வீட்டு முருங்கையைப் பார்ப்பாள். கம்பத்தில் உட்கார்ந்திருக்கும் காக்கையைப் பார்ப்பாள். உள்ளே ஜன்னல் திரை விலகி மூடும். யாரோ யாரையோ கிசுகிசுப்பாக அதட்டுவார்கள். வீட்டில் இருப்பதா, இல்லாமல் இருப்பதா என்று அவர்கள் முடிவு செய்துகொள்ளத்தான் இந்த அவகாசம்.

"வூட்டுல இல்லன்னு சொல்றவங்க மூஞ்சியப் பாக்கக் கூடாதுங்க. பாத்துட்டா, அடுத்த தடவ அவங்களால நம்ம மூஞ்சியப் பாக்க முடியாது" என்பாள்.

அது அவளுடைய அப்பா ராசாங்கத்தின் வழக்கம். பெரம்பலூரில் வீட்டு வரி வசூலிக்கும் வேலை அவருக்கு. காகிதத்தில் வரித்தண்டலர், தெருவில் பில் கலெக்டர். ஓய்வு பெற இன்னும் சில வருஷங்கள் இருந்தபோது, மீன்சுருட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்புகையில், பஸ் படியிலிருந்து இறங்கியவர் அப்படியே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. புவனேஸ்வரி அப்போது திருச்சியில், ஒரு பில்டர் ஆபீஸில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தாள். பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவள். கருணை அடிப்படையில் அப்பாவின் வேலை அவளுக்கு வந்தது.

"அவரு போனதால வந்த நாற்காலி. உக்காரும்போது ஒருதரம் உறுத்தும். அப்பறம் வேல வந்துரும்" என்கிறாள். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேசமாட்டாள்.

அப்பாவின் செல்போனை அணைக்காமல் வைத்திருக்கிறாள். அந்த எண்ணுக்கு இன்னும் யாராவது கூப்பிடுகிறார்கள். "ராசாங்கம் சாருங்களா?" என்ற குரலுக்கு, "சொல்லுங்க" என்பதுதான் அவள் பதில். பெயர் மாற்றுவது எப்படி, ரசீது தொலைந்துவிட்டது, மாடியில் ஒரு ரூம் எடுத்திருக்கிறோம், அதற்கும் வரி உண்டா. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி வைத்துவிடுவாள். அவர் இறந்துவிட்டார் என்று எல்லோருக்கும் சொல்வதில்லை. ஏன் என்று கேட்டால், "அவங்க கேட்டது அது இல்லைங்களே" என்கிறாள்.

படித்த படிப்பு கண்ணை விட்டுப் போகவில்லை. ரசீதை நீட்டும்போதே பார்வை சன்ஷேடுக்குப் போய்விடும். "அரசங்கன்னு ஒண்ணு மொளச்சிருக்கு பாருங்க. இப்பவே புடுங்கிப் போட்ருங்க, வேர் உள்ள போச்சுன்னா செவுத்தப் பொளந்துரும்." வரி கட்டாதவர்கள்கூட அவள் சொன்ன கன்றைப் பிடுங்கிவிடுகிறார்கள். தேவை இருக்கும்போது அவள் மேடம். மற்ற நேரங்களில் ராசாங்கம் பொண்ணு. வயதில் சின்னவர்களும் அவள் அப்பாவைப் பெயர் சொல்லித்தான் அழைத்தார்கள் என்பதை அவள் கவனித்திருக்கிறாள். அதைப் பற்றியும் பேசமாட்டாள்.

அரியலூர் சாலையில் ஆபீஸ் கட்டடம் ஒன்று புதிதாக எழும்பியிருக்கிறது. பத்து மாடி, முழுக்கக் கண்ணாடி. ஊரார் அதைக் 'கண்ணாடி' என்றே சொல்கிறார்கள். பஸ்ஸில் "கண்ணாடி ஒண்ணு குடுங்க" என்றால் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிறார். சென்னைக்கு வெளியே, இந்த மாதிரி ஊர்களில் வந்து கட்டுகிறவர்களுக்குச் சலுகைகள் உண்டு. பத்திரச் செலவில் தள்ளுபடி, மின்சார வரி கிடையாது, முதல் சில வருஷங்களுக்குச் சொத்து வரியும் கிடையாது. ஆகவே புவனேஸ்வரியின் சுற்றில் இருக்கும் ஆகப் பெரிய கட்டடத்தின் கொண்டியை மட்டும் அவள் தட்டுவதில்லை.

அதன் முதுகுப்பக்கம் களத்துமேட்டுத் தெரு. ஓட்டு வீடுகளும் ஒன்றிரண்டு மாடி வீடுகளும். அங்கே போனால், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவி ரெங்கம்மாளைத் தாண்டி வர முடியாது.

"ஏண்டி ராசாங்கம் மவளே, மத்தியானமான்னா அவன் கண்ணாடி வெயிலு என் வூட்டுக்குள்ள வந்து உளுவுது. ஓசி வெயிலு. அதுக்கும் சேத்துப் போட்ருக்கியா பில்லு?"

"இல்லைங்க அத்தே. வெயிலுக்கு இன்னும் ரேட்டு வரல."

"வந்தாலும் எந் தலையிலதான் கட்டுவ. அவன் தலைக்கு எட்டுமா ஒன் கையி? பத்து மாடில்ல!"

சிரித்துக்கொண்டேதான் திட்டுவாள். புவனேஸ்வரியும் சிரித்துக்கொண்டேதான் ரசீதைக் கிழிப்பாள். சலுகை தப்பு என்று அவள் நினைக்கவில்லை. அது இல்லாவிட்டால் இங்கே யார் வந்து பத்து மாடி கட்டுவார்கள்? ஆண்டிமடத்திலிருந்து காலையில் பஸ் ஏறும் பெண்கள் சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறார்கள். அவள் திருச்சியில் ஹாஸ்டல் அறையில் இருந்தபோது அப்படி ஒரு வேலை இங்கே இருந்திருந்தால், அப்பாவின் கடைசி வருஷங்களை அவள் பக்கத்திலிருந்து பார்த்திருப்பாள். இந்தக் கணக்கை அவள் யாரிடமும் சொல்வதில்லை. ரெங்கம்மாள் கேட்பதும் நியாயம்தான் என்பதையும் சொல்வதில்லை.

கட்டடம் திறந்த புதிதில், களத்துமேட்டுத் தெருக்காரர்கள் ஒன்று செய்தார்கள். ஆபீஸ்காரர்கள் எல்லோரும் முன்வாசல் வழியாக மெயின் ரோட்டுக்கே போய்விடுகிறார்கள், நம் தெருவுக்கு என்ன லாபம் என்று கூடிப் பேசி, பின்சுவரில் ஒரு கதவு வைத்துத் தரும்படி கட்டடத்துக்காரர்களிடம் மனு கொடுத்தார்கள். ஒரு தடவை அல்ல, பல தடவை நடந்தார்கள். கதவு வைத்த அன்று பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, தெரு முழுக்கக் கேசரி கொடுத்தார்கள். திறந்து மூடும் பொறுப்பைக் கட்டடத்துக்காரர்கள் தெருவிடமே விட்டார்கள். அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கண்ணையன்தான் தெருவுக்குப் பெரியமனிதர். சாவி அவர் அரைஞாணில் ஏறியது. கதவுக்கு நேர் எதிரே, கலியம்மாள் தன் வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு, மத்தியானத்துக்குப் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் விற்க ஆரம்பித்தாள். அதுவரை முந்திரி உடைக்கப் போய், கையெல்லாம் தோல் உரிந்து திரும்பியவள்.

அந்தக் கதவில்தான் வினை இருந்தது. வீட்டு வரிக்காக ஊர்த் தெருக்களை ஏ, பி, சி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரே அளவு வீடு, சி தெருவில் இருந்தால் குறைந்த வரி, ஏ தெருவில் இருந்தால் கூடுதல். களத்துமேட்டுத் தெரு என்றைக்கும் சி. இப்போது அது பெரிய ஆபீஸ் ஒன்றுக்குப் போகும் வழி. அந்த வழி புழக்கத்தில் இருந்தால் ஏ. கட்டடத்துக்கு வரி இல்லை. கட்டடத்துக்குப் போகும் தெருவுக்கு வரி கூடும். நேரில் பார்த்து எழுதி வரும்படி புவனேஸ்வரியைத்தான் அனுப்பினார்கள்.

அவள் போன அன்று கதவு பூட்டிக் கிடந்தது. குறுக்கே ஒரு பெரிய கருவேல முள்கிளை. கலியம்மாள் வாசலில் பெஞ்சு இல்லை. புளிசாதத்தின் வாசனை மட்டும் இருந்தது.

"பாத்துக்க தாயி. இது சும்மா சாத்திக் கெடக்குற கதவு" என்றார் கண்ணையன். "யாரும் பொழங்குறது இல்ல."

"போன வாரம் நான் இது வழியாத்தாங்கய்யா பஸ்ஸுக்குப் போனேன்."

தெரு கொல்லென்று சிரித்தது. கண்ணையனும் சிரித்துவிட்டு, குரலை இறக்கினார். "மேடம், ஒன்னியத் தப்பா எழுதச் சொல்லல. இன்னிக்குக் கண்ணுக்கு என்ன தெரியுதோ அத எழுது. ராசாங்கமா இருந்தா பாத்தும் பாக்காத மாதிரி போயிருப்பாப்ல."

அவள் முகம் மாறியது. பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்தாள்.

"பூட்டிக் கெடந்தா பூட்டிக் கெடக்குன்னு எழுதுறேங்கய்யா. தெரு சி-யிலேயே இருக்கட்டும். ஆனா நான் அந்தப் பக்கம் போனதும் தொறக்கக் கூடாது. நாளைக்கும் பூட்டியிருக்கணும், அடுத்த மாசமும் பூட்டியிருக்கணும். பூட்டுறதுன்னா நெசமாவே பூட்டுங்க."

அந்த நேரம் பார்த்துக் கண்ணாடியில் சாப்பாட்டு வேளை வந்துவிட்டது. கதவுக் கம்பிகளுக்குப் பின்னால், கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஏழெட்டுப் பெண்கள். "கலியக்கா, என்னக்கா பூட்டிப் போட்டுட்டீங்க? பசிக்குதுக்கா!"

கலியம்மாள் வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். கரண்டி கையிலேயே இருந்தது. "மாமா, சாவியக் குடுங்க."

"சும்மா இரு, கலி. ஒனக்கு யாவாரம். மத்தவனுக்கு என்ன இருக்கு இதுல? வரி ஏறுனா நீயா கட்டுவ?"

"எம் பங்கு நான் கட்டுறேன். கதவப் பூட்டிட்டா அதயுங் கட்ட வழியில்ல எனக்கு. மறுபடி கொட்ட ஒடைக்கவா போவச் சொல்றீங்க?" கையை விரித்துக் காட்டினாள். "இப்பத்தான் தோலு மூடியிருக்கு."

"ஏ கண்ணையா," என்றாள் ரெங்கம்மாள், "கேசரி வாங்கித் தின்னப்ப இனிச்சிதுல்ல?"

கண்ணையன் புவனேஸ்வரியின் பக்கம் திரும்பினார். இந்தத் தடவை மேடம் இல்லை. குரலில் மிரட்டலும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"நீ சொல்லு தாயி. ஒங்கப்பா இருந்தா என்ன பண்ணியிருப்பாரு?"

"தெரியலைங்கய்யா" என்றாள். பிறகு, "நான் அவர்ட்ட ஒண்ணுமே கேட்டு வச்சுக்கல" என்றாள்.

கண்ணையன் வேட்டி மடிப்பில் விரலை விட்டு அரைஞாணைத் துழாவினார். முடிச்சு அவிழ நேரம் பிடித்தது. சாவியைக் கலியம்மாளிடம் கொடுத்தார்.

"எழுதிக்க. ஏ-ன்னே எழுதிக்க. ஆனா ஒண்ணு. அந்தக் கண்ணாடிக்காரனுக்குக் குடுத்த சலுக முடியும்ல? முடிஞ்ச மறுநாளே நீ அவன் வாசல்ல போயி நிக்கணும்."

"நிப்பேங்கய்யா."

"மறந்துருவ."

"மறக்கமாட்டேன்."

கலியம்மாள் பூட்டைத் திறந்தாள். முள்கிளையைப் பற்றி இழுத்தது புவனேஸ்வரி. அது சுவரோரம் போய் விழுந்தாலும், ஒரு கொப்பு வழிக்குள்ளேயே நீட்டிக்கொண்டு நின்றது. பெண்கள் துப்பட்டாவை அள்ளிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகக் குனிந்து வந்தார்கள். அவள் செருப்புக் காலை அந்தக் கொப்பின் மேல் வைத்து அழுத்தி மிதித்துக்கொண்டு, கடைசிப் பெண் கடந்துபோகும்வரை அப்படியே நின்றாள்.