வீரலட்சுமியின் சாயிப்பு

விலையைக் கேட்பதற்கு முன்னால், ஹெட்ஃபோன் மாட்டும் துளை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள் வீரலட்சுமி. கடைக்காரர் கையை நீட்டிக் காட்டுவார். காட்டியபின் நாக்கைக் கடித்துக்கொள்வார். அதற்குள் அவள் விரல்கள் கணினிப் பெட்டியின் முதுகில் இறங்கி, மின்விசிறியின் சல்லடையைத் தாண்டி, திருகாணிகளைத் தடவி, துளையைக் கண்டுபிடித்திருக்கும். அடுத்துத் தோள்பையிலிருந்து டிபன் டப்பா வெளியே வரும். அதன் அடியிலிருந்து பழைய கைக்குட்டையில் சுற்றிய ஒரு சி.டி. வரும்.

"இதை உள்ள போட்டு ஓன் பண்ணு மோனே. பேசினா வாங்கறேன். பேசலைன்னா நீயே வெச்சுப் பூஜை பண்ணு."

பெட்டி உறுமத் தொடங்கும். மனப்பாடமான நாலைந்து விசைகளைத் தட்டிவிட்டு, ஹெட்ஃபோனைக் காதில் அழுத்திக்கொண்டு, தலையை இடப்பக்கம் சாய்த்து நிற்பாள். திரையில் நிறம் வரும், படம் வரும், அம்புக்குறி வரும். கடையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் கணினி வந்துவிட்டது. அவளுக்கு இன்னும் எதுவும் வரவில்லை. பிறகு அவளுடைய இடது புருவம் மட்டும் மேலே ஏறும். மூக்கால் பேசுகிற ஓர் இங்கிலீஷ் ஆண்குரல் காதுக்குள் வந்திருக்கிறது என்று அர்த்தம்.

"சாயிப்பு வந்தாச்சு" என்பாள். வெள்ளைக்காரனுக்குக் கொச்சியில் அதுதான் பெயர்.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் அவள் டெலிபோன் ஆபரேட்டர். அப்பா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து கொச்சி நகரசபையில் வேலை பார்த்தவர். பெண் பிறந்தது இங்கே; நான்கு வயதில் ஒரு காய்ச்சலில் பார்வை போனதும் இங்கே. ஆலுவாவில் பார்வையற்றோர் பள்ளியில் படித்தாள். விரலால் படிப்பது மலையாளமும் இங்கிலீஷும்; தமிழ் வாயில் மட்டும். வயது நாற்பதைத் தொட்டிருக்கும். கேட்டால், "கண்ணாடி பாக்காதவளுக்கு எதுக்கு அண்ணாச்சி வயசு?" என்பாள்.

சர்க்கரை போடாத சாயா குடிப்பாள். டம்ளரை வாயருகே வைத்து முதலில் மோந்து பார்த்து, "நேத்துப் பாலு" என்று கடைக்காரரிடமே சொல்வாள். புடவை எப்போதும் இஸ்திரி போட்டிருக்கும். யாராவது சாலையைக் கடத்திவிட முழங்கையைப் பிடித்தால், "நீங்க எங்க போகணும்? நான் கொண்டு விடறேன்" என்பாள். பாதிப் பேர் கையை எடுத்துவிடுவார்கள்.

நான் தொடர்கதை எழுதுகிறவன் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த தெருக்காரி. அம்மா காளியம்மை வாரப் பத்திரிகையை உரக்கப் படிக்க, இவள் கேட்பாள். "என்னை எழுதினா கடைசி வாரம் கண்ணு தெரிய வெச்சிருவீங்க. அது மட்டும் வேண்டாம், கேட்டோ" என்று ஒருநாள் சொன்னாள். இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை.

நடந்தது இதுதான். இரண்டாயிரத்து எட்டில் கம்பெனி டெலிபோன் போர்டை எடுத்துவிடத் தீர்மானித்தது. எல்லோர் கையிலும் மொபைல் வந்துவிட்டது; இணைப்புக் கொடுக்க ஆள் எதற்கு? முதலாளி தலைமுறை தலைமுறையாக மட்டாஞ்சேரியில் மிளகு விற்கும் குஜராத்தி. நல்ல மனிதர். "வேலை போகாது வீரா. சும்மா வந்து உக்காந்திரு. சம்பளம் வரும்" என்றார்.

"உக்காந்து வாங்க நான் என்ன சாமி படமா முதலாளி?" என்றாள் அவள்.

வெளிநாட்டு வியாபாரிகளுக்குப் போகும் கடிதங்களை அடிக்கும் வேலையைக் கேட்டாள். பள்ளியிலேயே டைப்ரைட்டிங் படித்தவள். அடித்ததைப் படித்துச் சொல்ல, பேசுகிற கணினி மட்டும் வேண்டும். விண்டோஸில் அப்படித் திரையைப் படித்துக் காட்டும் மென்பொருள், கணினியைவிட விலை அதிகம். திருட்டுப் பிரதி கிடைக்கும். அது பாதிக் கடிதத்தில் வாயை மூடிக்கொள்ளும். தேவராவில் நடந்த ஒரு கூட்டத்தில் விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸின் சி.டி.யைச் சும்மா கொடுத்தார்கள். அதில் சாயிப்பு இலவசம். முதலாளி யோசித்துவிட்டு, "போர்டு எடுக்கற அன்னிக்கு ஒரு லெட்டர் அடிச்சுக் காமி. அப்பறம் அந்த மேசை உன்னுது" என்றார். அடித்துக் காட்டாவிட்டால் அவள் சாமி படம்தான். அதை அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஆனால் சி.டி. இலவசம் என்றால் போதாது. கணினிக்குள் ஒலி எழுப்புவதற்கென்று ஒரு சில்லு இருக்கிறது. அந்தச் சில்லோடு எப்படிப் பேசுவது என்று லினக்ஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தெரிதலுக்கு டிரைவர் என்று பெயர். சில்லு செய்கிற கம்பெனிகள் விண்டோஸுக்கு டிரைவர் எழுதித் தந்துவிடுகின்றன. லினக்ஸுக்கு எங்கோ யாரோ ஒருவர் தானாக உட்கார்ந்து எழுதினால் உண்டு. மற்றவர்களுக்கு அந்த டிரைவர் இல்லாவிட்டால் பாட்டுக் கேட்காது, அவ்வளவுதான். இவளுக்குக் கணினியே இல்லை.

மாடல் பெயரை நம்பியும் வாங்க முடியாது. பள்ளித் தோழி சுமா, பேசுகிற பெட்டி ஒன்றைக் கேட்டுப் பார்த்துவிட்டு, அதே மாடலில் வேறொன்றை வாங்கிப்போனாள். வெளியே எழுத்து அதே எழுத்து. உள்ளே சில்லை மாற்றிவிட்டிருந்தார்கள். பெட்டி ஊமை. அதிலிருந்து வீரலட்சுமிக்கு ஒரே சட்டம்தான்: கேட்ட பெட்டியே வேண்டும்.

எறணாகுளத்தில் அவள் ஏறாத கடை இல்லை. நான் கூடப் போன அன்று படகில் போய் இறங்கி, மேனகை பஸ் நிறுத்தத்துக்கு அருகே ஜிதினின் கடைக்குப் போனோம். இருபத்தைந்து வயது விற்பனைக்காரன். அவளை ஏற்கெனவே இரண்டு முறை வெறுங்கையோடு அனுப்பியவன்.

"வந்தல்லோ நம்ம இன்ஸ்பெக்டர்! சேச்சி, இன்னிக்கும் ஆளைப் பேச வெச்சிட்டுப் போயிருவியா?"

"உன் கடையில நீ ஒருத்தன்தானே பேசற. சாமான் ஏதாவது பேசுதான்னு பாக்க வந்தேன்."

கட்டைவிரல் அளவில் ஏதோ ஒன்றை அவள் உள்ளங்கையில் வைத்தான் அவன். யூ.எஸ்.பி. துளையில் செருகினால் ஒலி வரும், தனியாக டிரைவர் வேண்டியதில்லை, பெரும்பாலும் எந்தக் கணினிக்கும் பொருந்தும் என்றான். அவள் ஒருமுறை உருட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "பொம்மை. வெளிய தொங்கறதெல்லாம் எனக்கு வேண்டாம். எல்லாருக்கும் எப்படிப் பெட்டிக்குள்ளேருந்து வருதோ, அப்படியே எனக்கும் வரணும்."

பார்வைக்கு வைத்திருந்த பெட்டிகளில் மூன்றாவது பேசியது. புருவம் ஏறியது. உடனே பையிலிருந்து சாக்குத் தைக்கும் சணல் நூலை எடுத்து, பெட்டியின் பின்பக்கத்து வளையத்தில் கோத்து முடிச்சுப் போட்டாள். ஆலுவாப் பள்ளியில் பிரம்பு நாற்காலி பின்னும்போது படிந்த முடிச்சு அது. நாற்காலி வேலை பிடிக்கவில்லை. முடிச்சு மட்டும் கையோடு வந்துவிட்டது.

"சேச்சி, தாலியா கெட்டற?"

"கெட்டினா என்ன? உன்னைவிட நல்லாப் பேசுது."

"இதே மாடல் புதுசு உள்ள இருக்கு. சீல் பொட்டிக்காதது, பிரிக்கவே இல்லை. அதைத் தரேன்."

"சீலை நான் கேக்க முடியுமா? நான் கேட்டது இது. இதையே அனுப்பு."

கொடுத்தனுப்புகிறேன் என்றான். கம்பெனி மானேஜர் பிரதீஷ் பணத்தோடு வந்து எடுத்துப்போவார் என்று பேச்சு.

போர்டு எடுக்கிற நாள் காலையில் நானும் கம்பெனிக்குப் போயிருந்தேன். டெலிபோன்காரர்கள் சுவரிலிருந்து கம்பிகளை உருவிக்கொண்டிருந்தார்கள். அவள் பழைய நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு கம்பி வரும்போதும், "அது குடோன்... அது முதலாளி வீடு" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பதினோரு மணிக்குப் பெட்டி வந்தது. பிரதீஷே அதை மேசைமேல் வைத்து, "சேச்சிக்கு வேண்டிய நூலோட கொண்டுவந்திருக்கேன்" என்றார்.

அவள் கை பின்பக்கம் போனது. நூலைத் தொட்டது. நின்றது.

"இது யாரு போட்ட முடிச்சு?"

பிரதீஷ் மேசையின் ஓரத்தைத் துடைத்தார்.

"பிரதீஷே."

"ஞான்தான் சேச்சி." அவருக்கு வேர்த்துவிட்டது. "அது கடையில எல்லாரும் கைவெச்ச பீஸ். சேச்சிக்கு மட்டும் எதுக்குப் பழசு? சீல் பொட்டிக்காததா வாங்கினேன். மாடல் அதேதான். சேச்சிக்குச் சந்தோஷமா இருக்கட்டும்னு நூலை..."

கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அவருடைய வீட்டுக்கு வாங்கினாலும் அப்படித்தான் வாங்கியிருப்பார். நாட்டில் யாரும் அப்படித்தான் வாங்குவார்கள்.

அவள் சி.டி.யைப் போட்டாள். விசைகளைத் தட்டினாள். தலையைச் சாய்த்தாள். திரை பளிச்சென்று வந்தது.

"வந்தாச்சு சேச்சி! எல்லாம் வந்தாச்சு!" என்றார் பிரதீஷ்.

புருவம் அசையவில்லை. மறுபடி போட்டாள். துளையை மாற்றினாள். குடோனில் மூட்டை விழும் சத்தம் கேட்டது. தெருவில் கைவண்டி போனது. பெட்டியிலிருந்து ஒன்றும் இல்லை. ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

கடைக்குப் போன் போட்டோம். அவள் நூல் கட்டிய பெட்டியைத் திருப்பூணித்துறையில் ஒரு டியூஷன் சென்டர்காரர் முந்தாநாளே வாங்கிப்போய்விட்டார். நூலை அறுத்துப் போட்டுத்தான் கொடுத்தார்களாம். முதலாளி வந்து பார்த்தார். "இன்னிக்கு விடு வீரா. அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

"அடுத்த மாசம் நாற்காலி இருக்கும் முதலாளி. லெட்டரை வேற யாராவது அடிச்சிட்டிருப்பாங்க."

அவர் மறுக்கவில்லை. அதுதான் அந்த அறையில் எல்லோருக்கும் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, "பிரதீஷ் சாரே, பைக் இருக்கா?" என்றாள். "இருக்கு." "ஜிதின்கிட்டப் போங்க. அன்னிக்கு ஒரு பொம்மை காட்டினான். அதை வாங்கிட்டு வாங்க." பொம்மை என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் விழுங்கிச் சொன்னாள்.

பிரதீஷ் தோப்பும்படிப் பாலத்தைச் சுற்றிப் போய் வருவதற்குள் மதியச் சாயா வந்து ஆறிப்போனது. அவள் அதை மோந்துகூடப் பார்க்கவில்லை. அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வாங்கி, செருகி, ஹெட்ஃபோனை அதில் மாட்டி, சி.டி.யை ஓடவிட்டாள். பிரதீஷ் இம்முறை திரையைப் பார்க்கவில்லை. அவள் நெற்றியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இடது புருவம் ஏறியது.

ஹாம்பர்க் வியாபாரி ஒருவருக்குக் கப்பல் தாமதம் பற்றிய கடிதம். முதலாளி சொல்லச்சொல்ல அடித்தாள். முடித்ததும் ஹெட்ஃபோனை அவர் காதில் மாட்டிவிட்டாள். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "கடைசியில என் பேரைக் கொன்னுட்டான், வீரா!"

"என் பேரையும் மூணாத் துண்டு போட்டுத்தான் சொல்றான். நான் பொறுத்துக்கிட்டேன். நீங்களும் பொறுத்துக்கங்க."

கடிதம் போயிற்று. மேசையை ஜன்னலை ஒட்டிப் போடச் சொன்னார் முதலாளி. "காத்து வரும்" என்றார். வெளிச்சத்தைச் சொல்லாமல் விட்டதை அவள் கவனித்திருப்பாள்.

மாலையில் ஷட்டரை இறக்கும் நேரம். பிரதீஷ் இன்னும் அவளைச் சுற்றிச்சுற்றி வந்தார். "நாளைக்கு வேற பெட்டிக்குச் சொல்லட்டா சேச்சி? நீங்க கேட்டுப் பாத்து எடுத்ததையே..."

"மதி, போதும். எந்தப் பெட்டியானாலும் இனி ஒண்ணுதான்" என்றாள். பின்பக்கம் கையை விட்டு, பிரதீஷ் கட்டிய நூலைத் தேடி அவிழ்த்தாள். அவிழ்க்கச் சிரமமே இல்லை. பிறகு அந்தக் கட்டைவிரல் சாமானை உருவினாள். திரையில் படம் அப்படியே நின்றது. சாமானைக் கைக்குட்டையில் சுற்றி, முந்தானை நுனியில் வைத்து, தன்னுடைய முடிச்சைப் போட்டு, இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தாள்.