பின்கயிறு மத்தியாஸ்

"அங்கிள், கப்பலை ஏன் பக்கவாட்டுல இறக்குறீங்க?" என்று கேட்டேன். கோலா சிலாங்கூரில், ஆற்றோரக் கப்பல் பட்டறை அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது.

"ஆறு குறுகல் லா. நேரா விட்டா எதிர்க்கரை மீன்கடையில போய் நிக்கும்," என்றார் மத்தியாஸ்.

"யாரு தள்ளுவா?"

"தள்ளவே வேணாம். சரிவுல கிரீஸ் பூசியிருக்கு. முன்னால ஒரு கயிறு, பின்னால ஒரு கயிறுதான் பிடிச்சு வெச்சிருக்கு. சங்கு ஊதினதும் ரெண்டையும் ஒண்ணா வெட்டணும். ஒண்ணு முந்தினா கப்பல் கோணிக்கும்."

"நீங்க எந்தக் கயிறு?"

"பின்கயிறு. பதினேழு கப்பல் இறக்கியாச்சு. பொண்டாட்டி கூப்பிட்டாலும் சங்கு ஊதாம கோடாரிய தூக்க மாட்டேன்."

மத்தியாஸ், சுங்கை சோ ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தவர். தோட்டத்தை அழித்து வீடுகள் கட்டியதும் இங்கே வந்து வெல்டிங் பழகினார். மலாய் நன்றாகப் பேசுவார், வாசிக்க வராது.

பதினெட்டாவது, கடற்படையின் ரோந்துக் கப்பல். கூடாரத்தில் விருந்தினர்கள் விசிறிக்கொண்டிருந்தார்கள். ஆற்றில் நீர் இன்னும் ஏறவில்லை. அளவுக்கம்பத்தின் சிவப்புக் கோட்டை நீர் தொட்ட பிறகே சங்கு ஊதலாம். மேலாளருக்குப் பொறுமையில்லை. முன்கயிற்றில் நின்ற கோகிலனைப் பார்த்துக் கையை வீசினார். அவன் வெட்டிவிட்டான். கப்பலின் மறுகோடியில் நின்ற மத்தியாசுக்கு அது தெரியவில்லை. அவர் சங்குக்காகக் காத்திருந்தார். கப்பலின் தலை மட்டும் சரிய, வால் மாட்டிக்கொண்டு, பக்கத் தகடு கிழிந்தது.

மறுநாள் மேலாளர் சொல்லச் சொல்ல, நான் மலாயில் அறிக்கை தட்டினேன். பின்கயிற்றுக்காரர் தாமதமாக வெட்டியதே காரணம் என்று முடிந்தது. மேலாளரின் கையைப் பற்றியோ ஊதாத சங்கைப் பற்றியோ அதில் ஒரு சொல் இல்லை. கோகிலனும் வாய் திறக்கவில்லை.

மத்தியாசுக்கு வேலை போயிற்று. வேறு எந்தப் பட்டறையும் அவரை எடுக்கவில்லை. இப்போது செரண்டாவில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவலுக்கு நிற்கிறார். சாப்பாட்டுக் கடையில் பழைய கூட்டாளிகள், "என்னா மத்தியாஸ், சங்கு ஊதிருச்சா?" என்று கேட்டுச் சிரிப்பார்களாம். போன மாதம் ரயில் நிலையத்தில் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் கைப்பேசியைப் பார்த்தபடி நின்றேன்.

அன்று அவர் கையெழுத்துப் போடும் முன் அந்த அறிக்கையை அவருக்குத் தமிழில் சொன்னவள் நான்தான். மேலாளர் அடுத்த அறையில் இருந்தார். கேட்டு முடித்ததும் மத்தியாஸ் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"வேலை போனா போகட்டும்மா. லேட்டா வெட்டினேன்னு மட்டும் போடாதே. என்னை வெட்டச் சொல்லவே இல்லைன்னு ஒரு வரி போட்டுரு."