செவ்வாய்க்குக் குடிபெயர்தல்

எங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்தின் எட்டு வீடுகளையும் ஒரே மாலையில் மூட்டை கட்ட வைத்த பெருமை என்னுடையது. அப்போது எனக்குப் பத்து வயது.

மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம் நாங்கள் இருந்த செம்பனைத் தோட்டம் அந்த வருடம்தான் கைமாறியிருந்தது. வீடமைப்புத் திட்டம் வரப்போகிறது, எங்களைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வரும் என்று பேச்சு. பெரியவர்களுக்கு அந்தப் பயத்தில் சோறு இறங்கவில்லை. எனக்கோ பள்ளி அறிவியல் விழாதான் கவலை. மனிதர்கள் விண்வெளியில் குடியேறித் தொழில் நடத்தப்போவதைப் பற்றி நான் பேச வேண்டும். மனிலா அட்டையில் சிவப்பு மையால் கொட்டை எழுத்தில் எழுதினேன்: ‘அனைவரும் செவ்வாய்க்குக் குடிபெயரத் தயாராகுங்கள்!’ வெள்ளிக்கிழமை மாலை, மை காயட்டும் என்று அதை வாசல் கதவில் ஒட்டிவிட்டு விளையாடப் போனேன்.

திரும்பி வந்தபோது தூக்கிவாரிப் போட்டது. எங்கள் அலமாரி வாசலில் நின்றது. சாமி படங்களைச் சேலைக்குள் சுருட்டியிருந்தார்கள். அம்மா, கீழே உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கப் போட்டுப்போன பூட்ஸைக்கூடக் கழற்றாமல், சட்டி பானைகளைச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. பக்கத்து வீட்டு அத்தை மாரில் அடித்துக்கொண்டு அழுதார். மற்ற வீடுகளிலிருந்தும் சாமான்கள் வெளியே வந்துகொண்டிருந்தன. யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

“கதவுலயே ஒட்டிட்டுப் போயிட்டானுங்க! நாலே நாளுதான் இருக்கு!” என்றார் அம்மா. அடுத்த மூச்சிலேயே கோபம் வந்தது. “அதுவும் செவ்வாக்கெழமையாம்! அன்னிக்கு எவனாச்சும் வீடு மாறுவானா? கேக்க ஆளில்லன்னு நெனச்சிட்டானுங்களா?”

பயந்து கிடப்பவர்கள் கையெழுத்தா பார்ப்பார்கள்?

“அம்மா, அது கெழம இல்ல, கிரகம்!” என்றேன். அம்மா கதவிலிருந்த அட்டையை இன்னொரு முறை படித்தார். பிறகு முதுகில் ஒன்று வைத்தார். அத்தை அழுத கண்ணோடு சிரித்தார், லயமே சிரித்தது.

வேலை முடிந்து வந்த அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அங்கே போய் என்ன செய்வார்கள் என்று கேட்டார். சுரங்கம் தோண்டுவார்கள், ஆலை கட்டுவார்கள், ஆயிரக்கணக்கானோருக்கு வேலை, வீடு, தண்ணீர் எல்லாம் கம்பெனியே கொடுக்கும் என்று அளந்துவிட்டேன். திரும்பி வர முடியுமா என்றார். ரொம்ப தூரம், கஷ்டம்தான் என்றேன்.

“காத்து?”

“அங்க நம்ம மூச்சு விடுற காத்து இல்லப்பா. அதையும் கம்பெனிதான் கொழாயில குடுக்கும்.”

அப்பா திடுக்கிட்டு நிமிர்ந்தார். அப்படியொரு முகத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை.

“காத்தையுமா? அப்போ நம்மள வெளியேத்தணும்னா கொழாய மூடுனா போதும்லா, பாப்பா?”

தோட்டங்களில் ஆட்களைக் கிளப்ப முதலில் தண்ணீரைத்தான் நிறுத்துவார்கள் என்பது அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. பாவம், அப்பாவுக்கு அறிவியல் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, “அப்படியெல்லாம் யாரும் மூட மாட்டாங்கப்பா” என்று அவருக்குத் தைரியம் சொன்னேன்.