தண்ணீர் தொடாத துணி

ஆய்வுக்கூடத்து வாசலில் ‘தண்ணீர் தொடாத துணி’ என்று ஒரு பலகை வைத்திருந்தார்கள். அந்த வரியை எழுதிக் கொடுத்தவள் நான்தான். அதை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

பட்டுத் துணியைப் பற்றிப் பேச காஞ்சிபுரத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நாங்கள் வேலை செய்தது பருத்தியில். தறியிலிருந்து இறக்கிய பருத்தித் துணியில் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி இருக்கும், பஞ்சிலேயே உள்ள மெழுகும் இருக்கும். சொட்டுத் தண்ணீர் விட்டால் உள்ளே இறங்காமல் உருண்டு நிற்கும். அதில் சாயம் எப்படி ஏறும்? சோடாக் காரம் போட்டு வேகவைத்து மூன்று முறை அலசவேண்டும். செவிலிமேட்டுப் பக்கம் ஒரு சலவைக் கொட்டகையில் அந்த வேலையைச் செய்பவள் என் அம்மா. கையுறை கிடையாது. விரலிடுக்கில் தோல் உரிந்து, சோறு பிசைந்தாலே எரியும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஜவுளி வேதியியல் படித்தேன். வேலைக்குச் சேர்ந்த ஆய்வுக்கூடத்தில் பிளாஸ்மா இயந்திரத்தைப் பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவை அம்மாவின் கைகள்தான். இரண்டு தகடுகளுக்கு நடுவே காற்றில் மின்சாரம் பாய்ந்து ஊதாவாக ஒளிரும். அதன் வழியாகத் துணி நகர்ந்து போகும். மேற்பரப்பு மட்டும் மாறி, துணி தண்ணீரை உறிஞ்சத் தொடங்கும். சாயம் ஏற்ற அலசலே வேண்டாம், அதனால்தான் பலகையில் அந்த வரி.

வெள்ளிக்கிழமை துணி வாங்குகிறவர்கள் பார்க்க வருவதாக இருந்தது. அதற்கு முன், ஆய்வுக்கூடத்தை நடத்தும் சார் தறியிலிருந்து நேராக வந்தது என்று கொடுத்த துணியை இயந்திரத்தில் விட்டுச் சோதித்தேன். சொட்டு விட்டதும் மறைந்தது. பெருமை தாங்காமல் ஓரத்துத் துண்டு ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

“பிளாஸ்மான்னா ஆஸ்பத்திரில ஏத்துவாங்களே, அதுவா?” என்றாள் அம்மா.

“அது வேறம்மா. இதப் பாரு.” சொட்டு விட்டேன்.

அவள் சொட்டைப் பார்க்கவில்லை. ஓரத்தைத் தடவினாள். “இந்தப் பச்சை நூல் முடிச்சு நான் போட்டது. அலசி முடிச்ச துணிக்குத்தான் போடுவோம். செவ்வாக்கெழமை உங்க சாரோட ஆளு வந்து எடுத்துக்கினு போனாரு. நல்லா அலசிக் குடுன்னு வேற சொன்னாரு.”

நான் நம்பவில்லை. சாப்பாட்டுப் பையில் கை துடைக்க வைத்திருந்த, கொட்டகையில் அலசிய துணியை எடுத்து நீட்டினாள். “இதுல உடு.” அதிலும் சொட்டு உடனே மறைந்தது.

“இதுக்கு எதுக்குமா கரண்ட்டு?” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காலையில் சாரிடம் நேராகக் கேட்டேன்.

“கஞ்சியோட போட்டா திட்டுத்திட்டா வருதும்மா. வர்றவங்ககிட்ட அதையா காட்டறது?”

“கஞ்சியை மட்டும் எடுத்துட்டுப் போட்டா நல்லா வருது சார். காரம் வேணாம், மூணு அலசல்ல ரெண்டு மிச்சம். அதையே சொல்லலாமே?”

“ஒரு தடவை அலசணும்னு சொன்னா எவன் வாங்குவான்? படிச்சிருக்க, விவரம் பத்தல. கையெழுத்துப் போடு. உன் வேலைய பர்மனென்ட் பண்றதுக்கும் இதான் பேப்பர்.”

சோதனைத் தாளை நீட்டினார். ‘முன்சலவை: இல்லை’ என்று அச்சாகியிருந்தது. கீழே என் பெயர். உண்மையே நல்ல சரக்காக இருக்கும்போது எதற்கு இந்தப் பொய்? மூன்று அலசலையும் வாங்கிக்கொண்டு, அலசியவளே இல்லை என்கிறார்களே!

‘இல்லை’யை அடித்தேன். ‘உண்டு. காரத்தில் வேகவைத்து மூன்று முறை அலசியது. அலசியவர்’ என்று எழுதி, அம்மாவின் பெயரைப் போட்டேன். பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

“யாருமா இது?”

“எங்கம்மா, சார்.”

தாளை நான்காகக் கிழித்தார். வெள்ளிக்கிழமை வரவேண்டாம், அதற்குப் பிறகும் வேண்டாம் என்றார்.

வீட்டில் அம்மா திட்டித் தீர்த்தாள். “ஒரு கையெழுத்துதானே? போட்டுத் தொலைச்சா இன்னா? இதுக்கா உன்னப் படிக்கவெச்சேன்?”

“போட்டிருந்தா நீ அந்தத் துணியத் தொடவே இல்லன்னு ஆயிடும்மா. அதான் உன் பேர எழுதிட்டு வந்தேன்.”

கரண்டியோடு திரும்பினாள். “என் பேரா? இனிஷியலோடயா?”

“இனிஷியலோட. அவரு கிழிச்சிட்டாரு.”

கரண்டியை ணங்கென்று வைத்தாள். “என் பேரக் கிழிக்க அவன் யாருடி?”